மாப்பிள்ளை வீட்டு ஆமை

விடிந்ததும் தவசிக்கு முதல் வேலை, மனைவியின் முட்டிகளைக் கழற்றித் தனக்கு மாட்டிக்கொள்வது.

பிறவி முட்டிகள் இருவருக்குமே எப்போதோ தேய்ந்துவிட்டன. இவை ஆமை நிலையத்தில் கொடுத்த இயங்குமுட்டிகள். பட்டையைக் காலில் இறுக்கிப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முனகல் கேட்கும். அப்புறம் கிழவனும் குமரனைப்போல நடக்கலாம். குடும்பத்துக்கு ஒரு ஜோடிதான் என்பது கணக்கு. இரவு முறைக்கு மாடத்தி போய்விட்டு வருவாள். பகல் முறைக்குத் தவசி போவான். ஒருவர் நடக்கும்போது மற்றவர் உட்கார்ந்திருப்பார். முட்டி தேய்ந்த காலத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நாலு எட்டு நடந்ததில்லை. தீவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பதால் அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றியதும் இல்லை.

“மணலைத் தட்டிட்டுக் கழட்டுன்னு எத்தன தடவ சொல்லுதேன்? கறகறங்குது ஏளா.”

“ஆமா, நான் ராத்திரி பூரா மெத்தையில நடந்துட்டு வாரேன் பாருங்க. பேசாம நல்ல சட்டையா எடுத்துப் போட்டுட்டுப் போங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னைக்கு வாராங்க.”

“மாப்பிள்ளைக்கு என் சட்டையா தெரியப் போவுது? அது ஆமை.”

“ஆமைக்குத் தெரியாது. கூட வார மனுசங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?”

தவசி சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான். அவன் உத்தியோகத்துக்கு மணலாற்றி என்று பெயர். சூடான பாலை ஆற்றுவதுபோல மணலை ஆற்றுகிற வேலை. கடற்கரையில் ஆமை முட்டையிட்ட கூடுகளின்மேல் நிழல்விரிப்பை இழுத்துக் கட்டுவான். கடல் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து சுற்றிலும் தெளிப்பான். தெளித்து முடித்துத் திரும்புவதற்குள் முதலில் தெளித்த இடம் காய்ந்திருக்கும். மறுபடியும் குடம். பொழுது சாய்கிறவரை இதுதான். அவன் உடம்பில் அலுப்பு என்பது உப்பைப்போலப் படிந்துபோயிருந்தது, குளித்தாலும் போகாது.

ஆமை முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைத் தாயும் தகப்பனும் தீர்மானிப்பதில்லை, மணல்தான் தீர்மானிக்கிறது. மணல் குளிர்ந்திருந்தால் ஆண். கொதித்தால் பெண். இது ஆமைகள் தோன்றிய காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு. உலகம் சூடாகிப்போன பிறகு எல்லாத் தீவுகளிலும் மணல் பொரிகடலைச் சட்டிபோல ஆகிவிட்டது. பிறந்ததெல்லாம் பெண். தவசியும் அவன் கூட்டாளிகளும் நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்து, முட்டை வெந்துபோகாமல் காப்பாற்றத்தான் முடிந்தது. ஆணாக்குகிற அளவுக்குக் குளிர வைக்க முடியவில்லை. கடலில் ஆண் ஆமை அருகிப்போயிற்று. ஆண் சேராமல் பெண் ஆமைகள் கரையேறி இட்டுவிட்டுப் போனதெல்லாம் கூமுட்டை.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். இந்தக் காலத்தில் ஆமை புகாத தீவு உருப்படாது. ஆமை மேய்ந்தால்தான் கடல்புல் தழைக்கும், புல் தழைத்தால்தான் மீன் வரும் என்பதைக் கண்டுகொண்ட கடல்நல வாரியம் ஒரு விதி வைத்திருந்தது. எந்தத் தீவில் குஞ்சு பொரித்துக் கடலில் இறங்குகிறதோ அந்தத் தீவுக்கு நன்னீர்க் கப்பல் வரும். குஞ்சு இறங்காத தீவுக்குக் காலிக் கப்பல் வரும்; வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மிதவைக் குடியிருப்பில் இறக்கிவிடும்.

தவசி வேலை செய்த கொழுவுத்தீவில் சில பருவங்களாகக் குஞ்சு இறங்கவில்லை. வாரியம் எச்சரித்துவிட்டது.

அவன் பிறந்த ஊரைக் கடல் எடுத்தது. அடுத்துப் போன ஊரைப் புயல் எடுத்தது. அதற்கடுத்த ஊரை வாரியமே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் பாயைச் சுருட்டி, சட்டி பானையைக் கட்டி, புது இடத்தில் யாருக்கும் தெரியாத ஆளாக இறங்கி நிற்பது அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “இனி ஒரு மூட்டை கட்டமாட்டேன்” என்று மாடத்தியிடம் சொல்லி வைத்திருந்தான். “செத்தா இந்த மணல்லயே புதைச்சிருங்க. தண்ணி தெளிச்சுத் தெளிச்சு என் வேர்வைதான் இதுல பாதி.”

அதனால் மாப்பிள்ளை ஆமை வருகிறது என்றபோது, வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும், மற்ற எல்லாரையும்விட அவனுக்குத்தான் அதிக நம்பிக்கை.

மாப்பிள்ளை, பக்கத்துச் சங்குத்தீவைச் சேர்ந்தது. அங்கே கரையோரம் அடர்த்தியாகப் புன்னை மரங்கள் இருந்ததால் மணல் தானாகவே குளிர்ந்து, அந்த வட்டாரத்திலேயே அங்கு மட்டும் ஓர் ஆண் ஆமை வளர்ந்து ஆளாகியிருந்தது. சங்குத்தீவுக்காரர்கள் அதுவரை சாதாரண மனிதர்களாகத்தான் இருந்தார்கள். ஆண் ஆமை உள்ள வீடு என்று ஆனதும் நடை மாறிவிட்டது. மனிதர்களுக்குள் வரதட்சிணையும் சீர்வரிசையும் ஒழிந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. அந்தச் சொற்களுக்கே அகராதியைப் புரட்ட வேண்டும். ஆனாலும் மனம் வைத்தால் எதைத்தான் கற்றுக்கொள்ள முடியாது? வாரியத்தின் ஆவணக் கிடங்கில் பழைய காலத்துத் தொடர்நாடகங்கள் கொட்டிக் கிடந்தன. எப்படி உட்கார்வது, எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, காப்பியை எந்த இடத்தில் பாதியில் வைப்பது என்று எல்லாவற்றையும் அவற்றைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள்.

படகு வந்தது. நடுவில் பெரிய தொட்டி, தொட்டிக்குள் மாப்பிள்ளை. ஓட்டில் சந்தனம் பூசி, கழுத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மாலையில் பாதியை அது தின்றிருந்தது. சங்குத்தீவின் தலைவி செண்பகவல்லி முதலில் இறங்கினாள். கொழுவுத்தீவு நிலையத் தலைவி உலகம்மாள் ஓடிப்போய்க் கைகூப்பினாள்.

“வாங்க சம்பந்தியம்மா, வாங்க. வழியில அலை அதிகமோ?”

“அலை என்ன அலை. எங்க ராசாவுக்குத்தான் சேரல. வெளித்தண்ணி பழக்கமில்ல பாருங்க.”

பெண் ஆமையை, கடலேற்றத்தில் நிரம்பும் ஓதக்குளத்தில் வைத்திருந்தார்கள். மேட்டில் பாய் விரித்து விருந்தாளிகளை உட்கார வைத்துப் பாசி பஜ்ஜியும் காப்பியும் கொடுத்தார்கள். தட்டைச் சுமந்துகொண்டு நின்றவன் தவசி. செண்பகவல்லி குளத்தை எட்டிப் பார்த்தாள்.

“பொண்ணு ஓடு கொஞ்சம் கறுப்போ?”

“வெயில்ல நின்ன கறுப்பும்மா. கழுவிவிட்டா பச்சை தெரியும்” என்றாள் உலகம்மாள்.

“கறுப்புன்னாலும் களைதான்” என்று ஒரு சங்குத்தீவுக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அடுத்துப் பொருத்தம் பார்த்தார்கள். அதற்கென்று பொருத்தி என்ற கருவி உண்டு. இரு ஆமைகளின் இரத்தத்திலும் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால், மரபுச் சரடுகள் நெருங்கிய உறவா தூரத்து உறவா, குஞ்சுகள் தேறுமா தேறாதா என்று கணித்து வாய்விட்டுச் சொல்லும். “நல்ல பொருத்தம். குஞ்சுகள் உறுதியாக இருக்கும்” என்றது பொருத்தி. எல்லாரும் கைதட்டினார்கள். செண்பகவல்லி மட்டும் காப்பியைப் பாதியில் கீழே வைத்தாள்.

“நாங்க எதுவும் கேக்கமாட்டோம் சம்பந்தியம்மா. எங்களுக்கு வேண்டியது நல்ல எடம். உங்க பொண்ணுக்கு நீங்க பாத்துச் செய்யறதைச் செய்யுங்க.”

“சொல்லுங்க. எங்களால ஆனது...”

“சேச்சே, நான் என்னத்தச் சொல்ல?” அவள் பார்வை மெதுவாகத் தாழ்ந்து தட்டுடன் நின்ற தவசியின் கால்களில் நின்றது. “எங்க தீவு பூரா பாறை. எங்க ஆளுங்க ஏறி இறங்க முடியாம கஷ்டப்படுதாங்க. உங்க ஊர்ல பரவாயில்ல. எல்லாரும் எவ்வளவு நல்லா நடக்காங்க!”

தவசியின் முட்டிகள் அந்த நேரம் பார்த்து ஒரு தடவை முனகின.

உலகம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான். முட்டி போனால் வேலை போகும், வேலை போகாவிட்டாலும் உயிர் போகும். ஆனால் மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டால் காலிக் கப்பல் வரும். மூட்டை கட்ட வேண்டும்.

“குடுத்துருங்க தாயி” என்றான். “நடக்குறதுக்கு ஊர் வேணும்ல முதல்ல?”

சாயங்காலத்துக்குள் தீவிலிருந்த முட்டிகளையெல்லாம் தாம்பாளங்களில் அடுக்கி, மேலே பூவைப்போட்டுப் படகில் ஏற்றினார்கள். மாடத்தி தன் பங்குக்கு மணலைத் தட்டித் துடைத்துக் கொடுத்தாள். “நம்ம வீட்டுச் சாமான் அழுக்காப் போனதுன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக்கூடாது” என்றாள். மாப்பிள்ளையைத் தண்ணீரில் இறக்கினார்கள். அதற்கு இந்தச் சம்பந்தப் பேச்சு எதுவும் தெரியாது. பெண் இருக்கிற பக்கம் அது பாட்டுக்கு நீந்திப் போயிற்று. மறுநாளே சங்குத்தீவுக்காரர்கள் அதைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்த தீவில் பெண் பார்க்கப் போகவேண்டுமாம்.

அந்தப் பருவத்தில் கொழுவுத்தீவில் முட்டை பொரித்தது. குஞ்சுகள் கைவிரல் நீளத்தில், கரிய பொத்தான்களைப்போல மணலைக் கிளறிக்கொண்டு வந்து கடலைப் பார்த்து ஓடின. நன்னீர்க் கப்பல் வந்தது. இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு நின்ற தவசி, தண்ணீர்க் குழாயின் சத்தத்தைக் கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டான்.

ஆனால் பொரித்ததெல்லாம் பெண். செய்தி கேட்டுச் செண்பகவல்லி ஒலிச்சேதி அனுப்பியிருந்தாள்: “எல்லாம் பொண்ணாமே. மனசைத் தளர விடாதீங்க சம்பந்தியம்மா. எங்ககிட்ட மாப்பிள்ளை இருக்கு. அடுத்த பருவத்துக்கு என்ன செய்யறதாயிருக்கீங்க?”

அதைக் கேட்ட அன்றைக்கே உலகம்மாள் ஊரைக் கூட்டினாள். கூட்டம் என்றால், எல்லாரும் கம்பை ஊன்றியும் சுவரைப் பிடித்தும் வந்து சேர்வதற்கே பாதிப் பொழுதாகிவிட்டது.

“இந்த வருசம் முட்டியக் குடுத்தோம். அடுத்த வருசம் என்னத்தக் குடுக்க? இடுப்பையா?” என்றான் ஒருவன்.

“இவ்வளவு பொண்ணு! அத்தனையும் வளர்ந்து நிக்கும்போது நம்ம கதி?” என்றாள் இன்னொருத்தி. “ஒண்ணைக் கரையேத்தவே இந்தப் பாடு.”

வாரியக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் குளிர்க்குழாய்களைப் பற்றி உலகம்மாள் சொன்னாள். மணலுக்கடியில் அவற்றைப் புதைத்து ஓட்டினால் கோடையிலும் மணல் சில்லென்று இருக்குமாம். புதைப்பதற்குத்தான் ஆள்பாடு அதிகம். அவள் மணலாற்றிகள் பக்கம் திரும்பினாள். “என்ன தவசியண்ணே, முடியுமா?”

தவசிக்குக் கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. தட்டுடன் நின்றபோது செண்பகவல்லி அம்மாளின் பார்வை தன் முட்டிமேல் ஊர்ந்தது அவனுக்கு நினைவு வந்தது.

“புதைக்கிறோம் தாயி. ஒரு முட்டையும் பொண்ணாப் பொரிக்கக் கூடாது. நாமளும் ஒருநாள் பாயில உக்காந்து, காப்பியப் பாதியில வைக்கணும்.”

ஊரே சிரித்தது. மூலையிலிருந்த பொருத்தி, யாரும் கேட்காமலே, “பாதி மணலை நிழலிலும் பாதி மணலை வெயிலிலும் வைப்பது நல்லது” என்றது.

“நல்ல காரியம் பேசும்போது குறுக்க பேசுது பாரு” என்று ஒரு கிழவி அதன்மேல் துணியைப் போட்டு மூடினாள்.

குளிர்க்குழாய் புதைத்த கதையை விரிவாகச் சொன்னால் கேட்கிறவர்களுக்கும் மூட்டு வலிக்கும். முட்டி இல்லாத ஆட்கள் மணலில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தோண்டினார்கள். அடுத்த பருவத்துக்கு முட்டை வேண்டுமே, அதற்கு இன்னொரு தடவை சங்குத்தீவு ராசாவை வரவழைத்தார்கள். அதற்குத் தீவிலிருந்த மீன் உலர்த்தும் இயந்திரம் போயிற்று. பரவாயில்லை, இதுதான் கடைசி என்று பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

குழாய் வேலை செய்தது. பொரித்ததெல்லாம் ஆண்!

தீவில் கற்கண்டு வழங்கினார்கள். சங்குத்தீவுக்குச் சேதி சொன்னபோது உலகம்மாள் குரலில் தேன் சொட்டியது. ஓரிடத்தில் மட்டும் குழாய் அடைத்துக்கொண்டு ஒரு கூடு பெண்ணாகப் பொரித்துவிட்டது. அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்ட மணலாற்றியிடம் ஒரு வாரம் யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. வயதுக்கு வந்த பெண் ஆமைகள் பழைய வழக்கப்படி கரையேற வந்தபோது, வந்தால் மாப்பிள்ளை தேட வேண்டுமே, செலவாயிற்றே என்று கரையை ஒட்டி வலைவேலி கட்டினார்கள். முட்டையிட்டு முடித்த ஓதக்குளத்துப் பெண்ணையும் வெளியே விட்டாயிற்று. பெண் ஆமைகள் வலையில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு எங்கேயோ போய்விட்டன. வேலிக் கம்பு நட்டதும் தவசிதான்.

ஆமை இயல்பாக வளர்ந்து ஆளாக ஒரு மனிதன் வளர்ந்து பிள்ளை பெறுகிற காலம் ஆகும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? விரைவுக்குளம் என்று ஒன்று வந்திருந்தது. அதில் விட்டுத் தீனி கொடுத்தால் சில பருவங்களிலேயே ஆமை முதிர்ந்துவிடும். ஆண் குஞ்சுகளை அதில் வளர்த்தார்கள். அந்தச் சில பருவங்களும் தீவில் குஞ்சு இறங்கவில்லை. ‘வளர்ப்பில் இருக்கிறது, விளைச்சல் வரும்’ என்று சொல்லி உலகம்மாள் வாரியத்திடம் தவணை வாங்கிக்கொண்டே வந்தாள். தண்ணீரை அளந்து குடித்தார்கள். உப்புத் தண்ணீரில் சோறு வடித்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. குளம் நிறைய மாப்பிள்ளைகள் இருக்கும்போது என்ன கவலை! மேட்டில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பதே ஒரு சுகமாக இருந்தது. பெரியசாமி, சின்னத்துரை, மகாராசன் என்று பெயர் வைத்தார்கள். எந்தெந்தத் தீவில் எதெதைக் கேட்பது என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். “நான் முட்டியக் கேப்பேன்” என்பான் தவசி. “அந்தச் செண்பகவல்லி கையாலயே, மணலைத் தட்டிட்டுக் குடுக்கச் சொல்லுவேன்.”

மாப்பிள்ளைகள் ஆளாயின. உலகம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஊரார் சூழ்ந்து நிற்க, சங்குத்தீவுக்குப் பேச்சுக்கருவியில் அழைப்புப் போட்டாள்.

“சம்பந்தியம்மா, நல்லாயிருக்கீங்களா? எங்க பையன்கள் எல்லாம் ஆளாயிட்டாங்க. உங்க பக்கம் நல்ல பொண்ணா இருந்தா...”

மறுமுனையில் செண்பகவல்லி இடைமறித்தாள்.

“அதே விசயமாத்தான் நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். எங்ககிட்ட இப்ப பையன்கள் நிறைய. உங்ககிட்ட பொண்ணு இருக்கும்னு நெனச்சேன்.”

“எங்ககிட்ட ஏது? நாங்க குளிர்க்குழாய் போட்டோம்ல.”

“நாங்களுந்தான் போட்டோம். புன்னை நிழல் பத்தாதுன்னு.”

கறுக்காத்தீவைக் கூப்பிட்டார்கள். அங்கேயும் குழாய். மட்டித்தீவில் இரட்டைக் குழாய். ஒவ்வொரு தீவும் யாருக்கும் தெரியாமல், அடுத்தவனை முந்திக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, இதையேதான் செய்திருந்தது. வலைவேலியும் எல்லாக் கரையிலும் இருந்தது. தீவுக்குத் தீவு குளம் நிறைய மாப்பிள்ளைகள். பெண் என்று ஒன்று கண்ணில் படவில்லை.

தவசி மேட்டில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்தான். மாப்பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தீனிக்குக் கழுத்தை நீட்டின.

“பாயை வெயில்ல போட்டு வைக்கட்டுமா?” என்றாள் மாடத்தி.

“எதுக்கு?”

“சுருட்டிக் கட்டணும்ல.”



வாரியக் கப்பல் வந்து, அடுத்த வருகைக்குள் குஞ்சு இறங்காவிட்டால் ஆட்களைத்தான் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, ஒரு சேதி கிடைத்தது. தெற்கே ஒரு தீவில் பெண் ஆமைகள் கரையேறுகின்றனவாம். அதற்கு வாரியம் வைத்த பெயர் வேறு. ஊர் வாய்க்கு அது கொட்டாவித்தீவு. அங்குள்ளவர்கள் அவ்வளவு சோம்பேறிகள். வாரியம் கொடுத்த குளிர்க்குழாயைப் படகிலிருந்து இறக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. வேலி கட்டவும் இல்லை. மற்ற தீவுகள் விரட்டிவிட்ட ஆமைகளெல்லாம் சுற்றி அலைந்து, கடைசியில் தடையில்லாத அந்தக் கரையில் போய் ஏறிவிட்டன.

கொழுவுத்தீவிலிருந்து படகு கிளம்பியது. தொட்டியில் மகாராசன், குளத்திலேயே பார்க்க லட்சணமானது அதுதான். உலகம்மாளோடு ஊர்ப் பெரியவர்கள். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றத் தவசியும் மாடத்தியும். போய்ச் சேர்ந்தால், கொட்டாவித்தீவின் கரையில் படகு நிறுத்த இடமில்லை. எல்லாத் தீவுகளிலிருந்தும் சந்தனம் பூசிய மாப்பிள்ளைகளோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் செண்பகவல்லி, ராசாவின் தொட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். உலகம்மாளைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

கொட்டாவித்தீவின் தலைவர் மாசிலாமணி, இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சலில் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே ஒவ்வொருவராக விசாரித்தார். அவரும் அந்தத் தொடர்நாடகங்களை, அதுவும் பிற்காலத்தில் எடுத்தவற்றை, படுத்துக்கொண்டே நிறையப் பார்த்திருந்தார்.

“பையனுக்கு என்ன வயசு?”

“சின்ன வயசுதாங்க. விரைவுக்குளத்துல வளர்ந்தது” என்றாள் உலகம்மாள்.

“அவசரத்துல வளர்ந்ததா? ம். சொந்தமா மேய்ச்சல் உண்டா? கடல்புல்லு எவ்வளவு தூரம்?”

“இருந்துச்சுங்க. இப்ப கொஞ்சம் காஞ்சிருக்கு.”

“மாமியார் கூட இருக்காளா? எங்க பொண்ணு அதெல்லாம் தாங்காது.”

“ஆமைங்க அது. தாய் முகத்தையே பாத்ததில்ல.”

“அது ஒண்ணுதான் இதுவரைக்கும் நல்ல பதில்” என்று மாசிலாமணி கொட்டாவி விட்டார். “இங்க பாரும்மா, நாங்க எதுவும் கேக்கமாட்டோம். பையன் இங்கயேதான் இருக்கணும். பொரிக்கிற குஞ்சுல ஒரு பங்கை உங்க தீவுக் கணக்குல எழுதி, வர்ற தண்ணியிலயும் பங்கு அனுப்புறேன். உங்க சனம் அங்கேயே பொழைச்சுக்கிடலாம். மத்தபடி உங்க பையனுக்கு நீங்க பாத்துச் செய்யறதைச் செய்யுங்க.”

உலகம்மாளுக்கு உயிர் வந்தது. “சொல்லுங்க. எங்களால ஆனது...”

“சொல்ல என்ன இருக்கு?” மாசிலாமணியின் பார்வை ஊஞ்சலிலிருந்து சோம்பலாகச் சுற்றிவந்து, கம்பை ஊன்றிக்கொண்டு தொட்டியோரம் நின்றவன்மேல் நின்றது. “அவரு யாரு?”

“எங்க மணலாற்றி. தவசின்னு பேரு.”

“மணல்ல பழக்கம் உள்ளவரா? எங்க ஊர்ல எழுந்து நிக்கவே ஆளில்ல. அவரு ஆமைகளோட இங்க இருந்தா நல்லாயிருக்கும்.”

கொழுவுத்தீவுக்காரர்கள் ஒருவர்கூடத் தவசியைப் பார்க்கவில்லை. ஒருவர் கடலைப் பார்த்தார். ஒருவர் ஆமையின் மாலையைச் சரிசெய்தார். இவன் ஒருத்தன் இடம் மாறினால் ஊரே இடம் மாறாமல் இருக்கலாம். கணக்கு எல்லாருக்கும் புரிந்துவிட்டது. தவசிக்கும் புரிந்தது.

“தாராளமா” என்றாள் உலகம்மாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. இனி ஒரு மூட்டை கட்டமாட்டேன் என்று சொன்ன வாய் அவன் வாய்தான். ஒரு முட்டையும் பெண்ணாகப் பொரிக்கக் கூடாது என்றதும் அதே வாய்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாதாட அவனுக்குத் தெம்பில்லை. “சரி தாயி” என்றான்.

மாடத்தி தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

“என்ன சரி? குத்துவிளக்கை ஒத்தையாவா சீர் குடுப்பாங்க? நானும்தான் இறங்குதேன்.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டாவே குடுங்க. வேண்டாம்னா சொல்லப்போறோம்?”

வழக்கப்படி இருவர் நெற்றியிலும் சந்தனம் வைத்தார்கள். உலகம்மாளின் படகு திரும்பிப் போனது. அதில் இருந்தவர்கள் கையசைத்தார்கள். எல்லாருக்கும் மனம் லேசாகியிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

தவசி தன் வழக்கப்படி, எங்கே குடம், எங்கே விரிப்பு என்று கேட்டான். மாசிலாமணி கையை ஆட்டினார்.

“குடமா? அதெல்லாம் தொடாதீங்க அண்ணாச்சி. பொண்ணு இருக்கப்போயிதானே இந்த ஊருக்கு இப்படி ஒரு மதிப்பு? இனிமே இங்க ஒரு முட்டையும் ஆணாப் பொரிக்கக் கூடாது. அந்த மணல்ல துளி நிழல் விழாம பாத்துக்கிடணும். அவ்வளவுதான் உங்க வேலை.”

“தண்ணி தெளிக்க வேண்டாமா?”

“வேண்டாம். இங்க கடல்காத்துல முட்டை வேகாது.”

“அப்ப நான் என்னதான் செய்யணும்?”

“உக்காந்திருங்க.”

தவசி நம்பாமல் மாடத்தியைப் பார்த்தான். அவள் தோளைத் தூக்கினாள். மகாராசன் தண்ணீரில் இறங்கிச் சில வாரங்களில் பெண் ஆமைகள் கரையேறிக் கூடு கூடாக முட்டையிட்டன. அன்றைக்கு இரண்டுபேரும் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மெதுவாகக் கரைக்கு நடந்து போனார்கள். கரையில் காற்றுக்கு ஒரு தென்னை ஓலை விழுந்து ஒரு கூட்டின்மேல் கிடந்தது. தவசி அதை எடுத்து எறிந்தான். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. பூவரச நிழலில் இருவரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். எதிரே மணல் வெள்ளைவெளேரென்று தகித்தது. முட்டைகளுக்குள் எல்லாம் பெண்ணாகிக்கொண்டிருந்தன. பொழுதுக்கும் இப்படி உட்கார்ந்திருக்கிற வேலை அவன் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

பழைய காலத்து மனிதர்கள் உலகத்தைச் சுட வைத்துவிட்டார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறான். குடம் குடமாகச் சுமந்த நாட்களிலெல்லாம் அவனுக்கு ஓர் ஆச்சரியம் உண்டு: ஒரு பாத்தி மணலைக் குளிர வைக்கவே இந்தப் பாடு என்றால், முழு உலகத்தையும் சூடாக்க அந்த மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்?

“என்ன யோசனை?” என்றாள் மாடத்தி.

“ஒண்ணுமில்ல ஏளா. அவங்களுக்குப் பாடே இருந்திருக்காது” என்று சொல்லிவிட்டு, தவசி மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.